ட்ரிக்கர் சரியாத்தான் அடிக்குது, கொரடாச்சேரியில மட்டும் பாசஞ்சர் நகர மாட்டேங்குது

வெண்ணாற்றங்கரை | வெள்ளி இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன், அதான் இங்க வந்து கொட்டறேன்.

தஞ்சாவூர் – திருவாரூர் பாதையை டிரெயின்ஸ்ல (கடைசியில 'எஸ்' இல்ல, 'இசட்' போடுவாங்களே, அந்த சிமுலேட்டர்) ஒன்றரை வருஷமா கட்டிக்கிட்டு இருக்கேன். அகலப்பாதை ஆனதுக்கு அப்புறம், மேல கரண்டு கம்பி வர்றதுக்கு முன்னாடி இருந்த காலம். டீசல் இன்ஜின், பக்கவாட்டுல பொன்மலை ஷெட் பேர். சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, குளிக்கரைன்னு ஸ்டேஷன் எல்லாம் வந்தாச்சு. நீடாமங்கலத்துல மூணாறு தலைப்பை வரையவே ஒரு வாரம் போச்சு. ரயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா விட மனசு வரல.

நான் எந்த வண்டியையும் ஓட்டப் போறதில்ல. ட்ரிக்கர் (தண்டவாளத்துல வைக்கிற குறி, வண்டி வந்தா சேதி அனுப்பும்) வச்சு எல்லாத்தையும் தானா ஓடவிட்டுட்டு பிளாட்பார பெஞ்சுல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும். அவ்வளவுதான் ஆசை.

இப்ப பிரச்சினை. கொரடாச்சேரியில மெயின் ஒண்ணு, லூப் (பக்கத்துல பிரிஞ்சு போய் மறுபடி சேர்ற லைன்) ஒண்ணு. திருவாரூர்லேர்ந்து வர்ற பாசஞ்சர் மெயின்ல நிக்கும். தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து நெல் ஏத்தப் போற காலி கூட்ஸ் ரேக் லூப்புல நுழையும். லூப்புக்குள்ள ஒரு ட்ரிக்கர். கூட்ஸ் அதைத் தொட்டதும் பாசஞ்சர் டிரைவருக்கு 1 நிமிஷம் காத்திருப்பு, அப்புறம் மேற்குப் பாயின்ட்டை (மெயினும் லூப்பும் பிரியற இடம்) மெயினுக்கு மாத்து, அப்புறம் நீடாமங்கலத்துக்கு விடு. இவ்வளவுதான் வரிசை.

சோதனை ஓட்டத்துல பத்துக்குப் பத்து சரியா வந்துச்சு. முழு டைம்டேபிளை ஓடவிட்டா பாசஞ்சர் சிகப்புல நின்னது நின்னதுதான். கூட்ஸ் லூப்புல அழகா நிக்குது. பாயின்ட் மட்டும் லூப்பு பக்கமே கிடக்கு. 40 நிமிஷம் பார்த்தேன், ஒருத்தரும் அசையல.

ட்ரிக்கர் அடிச்சதான்னு திரையில ஒரு செய்தி வரவச்சுப் பார்த்தேன். அடிக்குது. யாராவது சொல்லுங்கப்பா.


குடவாசல்காரன் | வெள்ளி இரவு 11:41

ட்ரிக்கரோட ஆரத்தை (அது வண்டியை உணர்ற வட்டத்தோட அளவு) கூட்டிப் பாருங்க அண்ணே. 20 மீட்டர்ல வச்சிருப்பீங்க, நாம மாத்தாத வரைக்கும் அதுதானே. 100 வைங்க.


வெண்ணாற்றங்கரை | சனி காலை 6:15

வச்சேன். இன்னும் மோசம். முன்னாடி பத்துல ஏழு தடவை நின்னது, இப்ப பத்துக்குப் பத்து நிக்குது.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | சனி காலை 7:02

ஆரம் கூட்டினதும் மோசமாச்சுன்னா விடை அதுலயே இருக்கு மாப்ள. ட்ரிக்கர் சீக்கிரமா அடிக்குது.

மூணு கணக்கு வேணும். சோதனையில கூட்ஸுக்கு எத்தனை வேகன் போட்ட? டைம்டேபிள்ல எத்தனை? மேற்குப் பாயின்ட்லேர்ந்து ட்ரிக்கர் எத்தனை மீட்டர் உள்ளே?


வெண்ணாற்றங்கரை | சனி காலை 7:30

சோதனையில 15. டைம்டேபிள்ல சிலது 20, சிலது முழு ரேக் 42. ட்ரிக்கர் 90 மீட்டர் உள்ளே. லூப்புல வேகம் 15 கிலோமீட்டர்னு பலகை நட்டிருக்கேன்.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | சனி காலை 8:10

வந்துட்டியா வழிக்கு. இப்ப பேப்பர் எடு.

மூடின வேகன் ஒண்ணு சுமார் 15.4 மீட்டர். 15 வேகன், இன்ஜின், பிரேக் வேன் எல்லாம் சேர்த்து 265 மீட்டர் வை. ட்ரிக்கர் 90-ல இருக்கு, ஆரம் 20, அதனால இன்ஜின் மூக்கு 70 மீட்டர் உள்ளே வந்ததுமே அடிச்சிடும். அந்த நேரத்துல வாலு இன்னும் 195 மீட்டர் வெளியில. 15 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 4.17 மீட்டர். 47 நொடியில உள்ளே வந்துடும். நீ கொடுத்த காத்திருப்பு 60 நொடி. பாஸ்.

42 வேகன்னா மொத்தம் 680 மீட்டர். மூக்கு 70-ல இருக்கும்போது வெளியில 610. அது உள்ளே வர 146 நொடி. நீ 60-வது நொடியில பாயின்ட்டை மாத்தச் சொல்ற. பாயின்ட் மேல வேகன் ஓடிக்கிட்டு இருக்கு. மாத்த மாட்டேன்னு கட்டளை தள்ளுபடி ஆயிடுது. திரும்ப ஒரு தடவை முயற்சி பண்ணுன்னு நீ எழுதல, அது ஏன் பண்ணப் போகுது? அடுத்த கட்டளைக்குப் போயிடுச்சு. பாசஞ்சர் சிகப்பைப் பார்த்து நிக்குது.

ஆரத்தை 100 ஆக்கினியே, மூக்கு பாயின்ட்டுக்கு வர 10 மீட்டர் முன்னாடியே அடிச்சிருக்கும். 15 வேகன் ரேக்குகூட உள்ளே வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். குடவாசல் தம்பி நல்லாத்தான் வைத்தியம் பார்த்தாரு.


குடவாசல்காரன் | சனி காலை 8:25

😂 மன்னிச்சுக்குங்க அண்ணே.

ஆனா இப்ப எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், சரியான்னு பாருங்க. ஜூன் 12 மேட்டூர் திறந்து, நம்ம வாய்க்கால்ல தலைமடைக்குத் தண்ணி வந்துட்டா பேப்பர்ல 'தண்ணீர் வந்தது'ன்னு போட்டுடுவாங்க. கடைமடைக்காரன் நாத்தங்காலைப் பார்த்துக்கிட்டு நிப்பான். ட்ரிக்கர் தலைமடையைப் பார்த்துட்டு தந்தி அடிக்குது.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | சனி காலை 8:31

அதேதான். இதை என் பேர்ல போட்டுக்கறேன்.


வெண்ணாற்றங்கரை | சனி காலை 9:00

ரொம்ப நன்றி சித்தப்பா. அப்ப காத்திருப்பை 3 நிமிஷம் ஆக்கிட்டா முடிஞ்சுதா?


பச்சைக்கொடி | சனி காலை 10:45

தம்பிக்கு வணக்கம். நான் கணினி விளையாட்டில் அரிச்சுவடி. பேரன் வைத்துக்கொடுத்ததில் இந்தக் குழுவைப் படித்து வருகிறேன். நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மீட்டர்கேஜ் காலத்தில் தொடங்கி அகலப்பாதை வரை பார்த்தாயிற்று. ஆகவே சிமுலேட்டரைப் பற்றிச் சொல்லாமல், நாங்கள் என்ன செய்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நேரத்தை வைத்து வண்டி உள்ளே வந்துவிட்டதாக நாங்கள் முடிவு செய்ததே இல்லை. மூன்று நிமிடம் போதும் என்று நினைப்பீர்கள். ஒருநாள் இன்ஜின் ஏற முடியாமல் ஹோம் சிக்னல் அருகே நின்றுவிடும். கடிகாரம் நிற்காது.

கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்.வி.' என்று ஒரு பலகை தொங்கும். கடைசி வாகனம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இரவில் சிகப்பு விளக்கு. வண்டி என்னைக் கடக்கும்போது பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்ஜினைப் பார்த்துச் சிரிப்போம், அது வேறு. கண் போக வேண்டியது கடைசிப் பெட்டிக்கு. எல்.வி. பலகையைப் பார்த்த பிறகுதான் பின்னால் உள்ள நிலையத்துக்கு 'வண்டி முழுமையாக வந்துவிட்டது' என்று சொல்லி அந்தப் பகுதியை விடுவிப்போம். பலகை இல்லையென்றால் நடுவழியில் கொக்கி கழன்று சில பெட்டிகள் அங்கேயே நிற்கின்றனவோ என்று சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் தீரும்வரை அடுத்த வண்டிக்கு அனுமதி கிடையாது.

உங்கள் ட்ரிக்கருக்கு எல்.வி. பலகையைப் பார்க்கத் தெரியுமா?


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | சனி காலை 11:20

ஐயா, கும்பிடறேன். நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி.

தெரியும் ஐயா. ஒரு ட்ரிக்கர் மூணு சேதி அனுப்பும். வண்டியோட முதல் சக்கரம் வட்டத்துக்குள்ள வந்தா 'என்டர்'. வட்டத்துக்குள்ள வண்டி நின்னா 'ஸ்டாப்டு'. முழு வண்டியும் வட்டத்தை விட்டுப் போனா 'லீவ்'. ரெடிமேடா கிடைக்கிற ட்ரிக்கர் ரூல்ல நாம பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான் பயன்படுத்தறோம். மூணாவதைக் கேட்கணும்னா கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதணும். நம்ம ஆளுங்க ஸ்கிரிப்டுன்னாலே இழையை விட்டு ஓடிடறாங்க.


தரங்கை_பிராஞ்ச் | சனி மதியம் 12:05

இதெல்லாம் பார்க்கும்போது நான் புண்ணியம் பண்ணவன்னு தோணுது. என் மேப் மாயவரம் – தரங்கம்பாடி மீட்டர்கேஜ். 1926-ல போட்டு 1986-ல மூடின பாதை. நான் வச்சிருக்கிறது ஒரே வண்டி. போகும், இன்ஜின் சுத்தும், திரும்ப வரும். ட்ரிக்கரும் கிடையாது, தகராறும் கிடையாது.


குடவாசல்காரன் | சனி மதியம் 12:09

ஒத்த மாடு வச்சிருக்கிறவனுக்கு மந்தைச் சண்டை தெரியுமா 😄


வெண்ணாற்றங்கரை | சனி இரவு 9:50

இன்னிக்கு மதியம் முழுக்க கரண்டு இல்ல, இப்பதான் உட்கார்ந்தேன்.

ஸ்கிரிப்ட் எழுதாம ஒரு வழி யோசிச்சேன். ட்ரிக்கரை லூப்போட அந்தக் கடைசிக்கு, ஸ்டார்ட்டர் சிக்னல்கிட்ட (வண்டி கிளம்ப அனுமதி தர்ற சிக்னல்) தள்ளிட்டா? மூக்கு கிழக்குக் கடைசிக்கு வந்துட்டா வாலு மேற்குப் பாயின்ட்டைத் தாண்டி உள்ளே வந்துதானே ஆகணும்? லூப் 700 மீட்டர், வண்டி 680.

செஞ்சும் பார்த்தேன். ட்ரிக்கரை சிக்னலுக்கு 20 மீட்டர் முன்னாடி வச்சேன். 15 வேகன், 20 வேகன் எல்லாம் ஓகே. 42 மட்டும் மறுபடி அதே கதை. கேமராவை மேற்குப் பாயின்ட்டுக்குக் கொண்டுபோய் பார்த்தா பிரேக் வேன் ஃபவுலிங் மார்க்குக்கு (பக்கத்து லைன் வண்டி இடிக்காம இருக்க இதுக்குள்ள நிக்கணும்னு வைக்கிற குறி) வெளியில துருத்திக்கிட்டு நிக்குது. வீட்டுக் கதவு இடுக்குல மாட்டின வேட்டி மாதிரி.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | சனி இரவு 10:15

யோசனை நல்ல யோசனை. ஸ்கிரிப்ட் வேணாங்கிறவங்களுக்கு நானும் இதைத்தான் சொல்லுவேன். ஆனா உன் லூப்புல மிச்சம் 20 மீட்டர்தான். கம்ப்யூட்டர் டிரைவர் சிக்னல்ல முட்டிக்கிட்டு நிக்க மாட்டான், உன் கணக்குல எவ்வளவு தள்ளி நிக்கறான்னு அளந்தியா?


வெண்ணாற்றங்கரை | சனி இரவு 10:40

ஸ்கேல் வச்சு அளந்தேன். 30 மீட்டர் தள்ளி.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | சனி இரவு 10:52

அப்ப மூக்கு 670-ல. வாலு 10 மீட்டர் வெளியில. ட்ரிக்கர் 680-ல இருக்கு, ஆரம் 20, மூக்கு 660-க்கு வந்ததுமே அடிச்சாச்சு. அடிக்கும்போது 20 மீட்டர் வெளியில கிடக்கு.

ரெண்டு வேகனைக் கழட்டிட்டு 40 ஆக்கு, இல்ல லூப்பை 50 மீட்டர் நீட்டு, இல்ல சிக்னலை ஒட்டி ஒரு டிராக்மார்க் (வண்டி நிக்க வேண்டிய இடத்தைக் காட்டற குறி) போட்டு அங்க வரைக்கும் வரவழை. மூணுல எது செஞ்சாலும் இன்னிக்கு ஓடும்.


பச்சைக்கொடி | ஞாயிறு காலை 6:30

அகலப்பாதையில் லூப்பின் நிற்குமிட நீளம் 686 மீட்டர் என்பது எங்கள் காலத்து அளவு. உங்கள் 680 மீட்டர் வண்டி அதில் அடங்கும். ஆனால் ஓட்டுநர் ஸ்டார்ட்டர் வரை இழுத்து நிறுத்த வேண்டும். சோம்பல்பட்டு முன்னாலேயே நிறுத்திவிட்டால் கார்டு வாக்கி-டாக்கியில் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். தம்பி சொன்ன துருத்தல் காட்சியை நான் நேரில் பல முறை பார்த்திருக்கிறேன். சிமுலேட்டர் இவ்வளவு நேர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

என்றாலும் மூக்கை வைத்து வாலைக் கணக்கிடுவது எனக்கு உவப்பாக இல்லை. கொக்கி கழன்ற வண்டியின் மூக்கும் ஸ்டார்ட்டருக்குச் சரியாக வந்து சேரும்.


உப்பள_லைன் | ஞாயிறு காலை 8:00

ஐயா சொல்றது சிமுலேட்டர்லயும் நடக்கும். நான் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி கட்டறேன் (37 கிலோமீட்டர், 2023-ல அகலப்பாதையா திரும்ப வந்துச்சே, அது). உப்பு ஏத்தின ரேக் ஒண்ணு கிளம்பும்போது கொக்கி விட்டு, பாதி அங்கேயே நின்னுடுச்சு. இன்ஜினும் ஒன்பது வேகனும் ஜாலியா போய் திருத்துறைப்பூண்டி ட்ரிக்கரைத் தொட்டு, எதிர்வண்டிக்கு வழி விட்டுடுச்சு. எதிர்வண்டி வந்து... சரி, ஞாயித்துக்கிழமை காலையில வேணாம்.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | ஞாயிறு காலை 10:30

போதும், நான் சரண்டர். வால்ல வைப்போம். ஸ்கிரிப்ட் மொழியில எழுதினா ஓடிடுவீங்க, அதனால தமிழ்லயே எழுதறேன்.

ரெண்டு ட்ரிக்கர். 'கொர_மேற்கு' மேற்குப் பாயின்ட் மேல. 'கொர_லூப்' லூப்புக்குள்ள, பாயின்ட்லேர்ந்து 150 மீட்டர்ல. ஒரு எண், பேரு 'நிலை', ஆரம்பத்துல 0.

கொர_மேற்கு: நுழைவு. வந்தது கூட்ஸா? ஆமான்னா நிலை = 1.
கொர_லூப்: நுழைவு. நிலை 1-ஆ இருந்தா நிலை = 2.
கொர_மேற்கு: வெளியேற்றம். நிலை 2-ஆ இருந்தா பாயின்ட்டை மெயினுக்கு மாத்து, பாசஞ்சருக்கு விடுப்பு கொடு, நிலை = 0.

ஏன் ரெண்டு? வெளியேற்றத்தை மட்டும் பார்த்தா, பாசஞ்சர் கிளம்பி அதே பாயின்ட்டைத் தாண்டிப் போகும்போதும் 'வெளியேற்றம்' வரும். கூட்ஸ் மூக்கை நுழைச்சுட்டுப் பின்னாடி தள்ளினாலும் வரும். உள்ள இருக்கிற ட்ரிக்கரையும் தொட்டுட்டு அப்புறம் வெளியில இருக்கிறதை விட்டாதான் 'உள்ளே போயாச்சு'. ரெண்டையும் எந்த வரிசையில தொடுதுன்னு பார்த்தாலே திசை தெரிஞ்சுடும்.

துருத்திக்கிட்டு நிக்கிற 42 வேகன் ரேக்குக்கு இதுல என்ன ஆகும்? வாலு வட்டத்துக்குள்ளயே இருக்கும், வெளியேற்றம் வராது, பாசஞ்சர் கிளம்பாது. அப்பவும் டைம்டேபிள் நிக்கும்தான். ஆனா ஏன் நிக்குதுன்னு கேமராவைத் திருப்பினா தெரிஞ்சுடும்.


பச்சைக்கொடி | ஞாயிறு காலை 11:15

தம்பி, நீங்கள் அச்சு எண்ணியைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தண்டவாள ஓரத்தில் பொருத்தும் கருவி, கடக்கும் அச்சுகளை எண்ணும். பகுதிக்குள் நுழைந்த அச்சும் வெளியே வந்த அச்சும் சமமானால் பகுதி காலி. உங்கள் 42 வேகனுக்கு 168 அச்சு, ஆறு அச்சு இன்ஜின், எட்டுச் சக்கர பிரேக் வேனுக்கு 4. ஆக 178. வெளியே 177 வந்தால் சிக்னல் சிகப்பிலேயே இருக்கும். அதிலும் ஒரு முனையில் இரண்டு உணரிகளை அருகருகே வைத்திருப்பார்கள். எது முதலில் அடிக்கிறது என்பதை வைத்துத் திசை அறிவார்கள். நீங்கள் சொன்ன அதே ஏற்பாடு.


குடவாசல்காரன் | ஞாயிறு காலை 11:18

சித்தப்பாவுக்கு ரயில்வேல வேலை கன்ஃபர்ம்.


வெண்ணாற்றங்கரை | திங்கள் இரவு 10:30

ஓடிடுச்சு!!! கொரடாச்சேரியில ரெண்டு மணி நேரம் ஒரு சிக்கல் இல்ல. 42 வேகனும் (டிராக்மார்க் போட்டு ஸ்டார்ட்டர் வரைக்கும் இழுத்துட்டேன்) கச்சிதமா உள்ளே.

சந்தோஷத்துல அதையே காப்பியடிச்சு நீடாமங்கலத்துக்கும் போட்டேன். மொத்தமும் நாறிப்போச்சு. மன்னார்குடி வண்டி வந்து, இன்ஜினைக் கழட்டி இன்னொரு முனைக்குச் சுத்தும்போது, வெறும் இன்ஜின் பாயின்ட்டைத் தாண்டுதே, அதையும் வண்டின்னு எண்ணிக்கிட்டு வழியை விடுவிச்சுடுது. 'இந்த வண்டி மட்டும்'னு வடிகட்டி வச்சேன். இன்ஜின் கழண்டதுக்கப்புறம் அந்த வடிகட்டி யாரையுமே பிடிக்க மாட்டேங்குது.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | திங்கள் இரவு 11:05

கழட்டின நொடியில சிமுலேட்டர் கணக்குல அது ரெண்டு வண்டி. திரும்ப மாட்டினா மறுபடி ஒண்ணு. நீ பிடிச்சு வச்சிருந்த 'வண்டி' எந்தப் பாதியோட போச்சோ, யாருக்குத் தெரியும். வண்டியை வச்சு வடிகட்டாதே, உள்ளே இருக்கிற வாகனத்தை வச்சு வடிகட்டு. இன்ஜினுக்கு ஒரு பேர், கடைசிப் பெட்டிக்கு ஒரு பேர். ட்ரிக்கரைக் கடந்தவன்கிட்ட 'உன்கூட அந்தக் கடைசிப் பெட்டி இருக்கா?'ன்னு கேளு. இல்லன்னா அது லைட் இன்ஜின், கண்டுக்காதே.

இன்ஜின் திரும்பினதும் கடைசிப் பெட்டி முதல் பெட்டி ஆயிடும். அதனால ரெண்டு முனைப் பெட்டிக்கும் பேர் வை.


பச்சைக்கொடி | செவ்வாய் காலை 6:10

எல்.வி. பலகையையும் அப்படித்தான் ஒரு முனையிலிருந்து எடுத்து மறுமுனையில் மாட்ட வேண்டும். மறந்துபோனவர்கள் உண்டு. நானும் ஒரு முறை.


குடவாசல்காரன் | செவ்வாய் காலை 7:40

நீடாமங்கலம் கேட்டு போட்டீங்களா அண்ணே? கேட்டு இல்லாத நீடாமங்கலம் நீடாமங்கலமே இல்ல. பஸ்ஸுல உட்கார்ந்து கடலை வாங்கித் தின்னு, தோலை மடியில சேர்த்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தா அப்பவும் கேட்டு மூடியிருக்கணும்.


வெண்ணாற்றங்கரை | செவ்வாய் இரவு 9:20

போட்டிருக்கேன். அதுக்கும் தனி ட்ரிக்கர்தான். கேட் சாமானோட வர்ற ட்ரிக்கர் தூரம் எனக்கு ஒத்துவரல. கணக்கு இப்படி: கட்டை இறங்க 20 நொடி, இறங்கி 60 நொடி கழிச்சு இன்ஜின் வரணும், மொத்தம் 80. 60 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 16.7 மீட்டர். 1,335 மீட்டர் தள்ளி ட்ரிக்கர். திறக்கறது மட்டும் வெளியேற்றத்துல. பாடம் கத்துக்கிட்டேன் பாருங்க.

ஆனா ஸ்டேஷன்ல நிக்கிற வண்டியும் அந்த 1,335-க்குள்ள வந்துடுது. வண்டி பிளாட்பாரத்துல நிக்குது, இன்ஜின் சுத்துது, கேட் திறக்கவே இல்ல. என் ரோட்டுல ஓடற பஸ்ஸு எல்லாம் ஊர் எல்லை வரைக்கும் வரிசையில நிக்குது.


குடவாசல்காரன் | செவ்வாய் இரவு 9:24

இதுல பிழை எங்க இருக்கு? விட்டுடுங்க. தத்ரூபம்.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | செவ்வாய் இரவு 9:50

நிக்கிற வண்டிக்கு 'ஸ்டாப்டு' சேதி வருமே. ஸ்டேஷன்ல நின்னதும் கேட்டைத் திற, ஸ்டார்ட்டர் பச்சையானதும் மறுபடி மூடு. ஆனா குடவாசல் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

வேற ஒண்ணு எச்சரிக்கை. நீ ஸ்டேஷன் ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கிட்டுப் போற. கொரடாச்சேரியில ரெண்டு லைன்லயும் மேற்க போற வண்டி, நீடாமங்கலத்துல எல்லா லைன்லயும் கிழக்க வர்ற வண்டின்னு ஒரு நாள் மாட்டும். ட்ரிக்கர் எல்லாம் சரியா வேலை செய்யும், ஒரு வண்டியும் நகராது.


வெண்ணாற்றங்கரை | செவ்வாய் இரவு 10:02

அதுக்கு என்ன பண்றது?


பச்சைக்கொடி | புதன் காலை 6:20

ஒற்றைப் பாதையில் இதற்கு எங்களிடம் இருந்தது ஒரு இரும்புப் பந்து. இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. இரு நிலைய அதிகாரிகளும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு பெட்டியிலிருந்து ஒரு பந்து வெளியே வரும். அதன் மேல் அந்தப் பகுதியின் பெயர் பொறித்திருக்கும். அதை வளையம் கட்டிய பையில் போட்டு ஓட்டுநரிடம் நீட்டுவோம். அந்தப் பந்து மறுமுனைப் பெட்டிக்குள் போகும்வரை எந்தப் பெட்டியும் அடுத்த பந்தைத் தராது.

ஆனால் பந்து மோதலைத்தான் தடுக்கும். நீங்கள் அஞ்சும் முடக்கத்தைத் தடுக்காது. அதற்குத் திருச்சியில் ஒருவர் வரைபடத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். 'உன்னிடம் ஒரு லைன் காலியா? இல்லையென்றால் வண்டியை அங்கேயே வை' என்பார். நாங்கள் வேண்டிய மட்டும் அவரைத் திட்டுவோம். கடைசி ஒரு லைனை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காலியாக வைத்திருந்தார் என்பது பிறகுதான் விளங்கும்.


ஸ்கிரிப்ட்_சித்தப்பா | புதன் காலை 7:15

அப்ப ரெண்டு எண் போதும். செக்‌ஷனுக்கு ஒண்ணு: பந்து வெளியில இருக்கா, 0 அல்லது 1. ஸ்டேஷனுக்கு ஒண்ணு: எத்தனை லைன் காலி. வண்டியை விடறதுக்கு முன்னாடி ரெண்டையும் கேளு. பந்து பெட்டியில இருக்கணும். அடுத்த ஸ்டேஷன்ல குறைஞ்சது ஒரு லைன் காலியா இருக்கணும், எதிர்ல வண்டி வர்றதா இருந்தா அதுக்கும் ஒண்ணு மிச்சம் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் 10 நொடி கழிச்சு மறுபடி கேளு. மறுபடி கேளுங்கறதை மட்டும் மறந்துடாதே, உன் முதல் பிழையே அதுதான்.

லைன் எண்ணிக்கையைக் கூட்டறது வெளியேற்றத்துல. குறைக்கறது வண்டி உள்ளே வரும்போது இல்ல, பின்னாடி ஸ்டேஷன்லேர்ந்து கிளம்பும்போதே. இல்லன்னா ஒரே லைனை ரெண்டு பேருக்குக் கொடுத்துடுவ.


உப்பள_லைன் | புதன் காலை 9:00

அகஸ்தியன்பள்ளியில உப்பு ஏத்தற இடத்துல வேகன் ஒவ்வொண்ணா நகர்ந்து நகர்ந்து நிக்கணும், அதுக்கு ட்ரிக்கர் எப்படி...


நடத்துநர் | புதன் காலை 9:12

உப்பள_லைன், தனி இழை தொடங்குங்கள். இது ஏற்கெனவே நீடாமங்கலம் கேட் வரிசை மாதிரி நீண்டுவிட்டது.


வெண்ணாற்றங்கரை | ஞாயிறு மாலை 6:45

நாலு நாள் காணாம போனதுக்கு மன்னிக்கணும். பந்து, லைன் எண்ணிக்கை ரெண்டும் எழுதி முடிச்சேன். இன்னிக்கு காலை 10 மணிக்கு ஓடவிட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன். 14 வண்டி. மூணு மணி நேரம் யாரும் கை வைக்கல. மன்னார்குடி இன்ஜின் சுத்திச்சு, கேட் மூடித் திறந்துச்சு, கொரடாச்சேரியில எதிரெதிர் வண்டிங்க மூணு தடவை விலகிப் போச்சு. ஒரு இடத்துல கூட்ஸ் நீடாமங்கலத்துல 25 நிமிஷம் நின்னுச்சு. என்னடான்னு பார்த்தா கொரடாச்சேரியில லைன் காலி இல்ல, சரியாத்தான் நிக்குது. பச்சைக்கொடி ஐயா சொன்ன திருச்சிக்காரரைத் திட்டிட்டு காபி குடிச்சேன்.

அம்மா பின்னாடி நின்னு பாசஞ்சரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க பொறந்த ஊர் குளிக்கரை. "ஏன்டா, குளிக்கரையில நிக்காமயே போவுதே"ன்னாங்க. பார்த்தா அங்க டிராக்மார்க்கே நடலை.


பச்சைக்கொடி | ஞாயிறு மாலை 7:05

அம்மா சொன்னால் நிறுத்திவிடுங்கள், தம்பி.


வெண்ணாற்றங்கரை | ஞாயிறு மாலை 7:30

நட்டாச்சு ஐயா. 1 நிமிஷம்.